குழாய்க்கு அப்புறம் ஒன்பது மீட்டர்

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மைல் என்பது தூரம் இல்லை, ஆள். “மைல் வந்தாச்சா?”, “மைலுக்கு இன்னைக்குப் பல்வலி”, “மைலோட பையனுக்குப் பொண்ணு பாக்கறாங்களாம்” என்று நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்ட புது டாக்டர் ஒருவர், பாவம், எங்களில் யாருக்கோ காய்ச்சல் முற்றிவிட்டது என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் தொட்டது என் நெற்றியை.

அவளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல என்னைவிடத் தோதான ஆள் கிடையாது. அந்தப் பந்தயத்தில் நான் மூன்றாவதாக வந்தவள். ஓடியவர்கள் மொத்தம் மூன்று பேர். இதைச் சொன்னதும் கேட்கிறவர்களின் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும், அதனால் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆனால் ஒன்று. முதலில் ஓடுகிறவளுக்குக் கயிறு மட்டும்தான் தெரியும். இரண்டாவதாக ஓடுகிறவளுக்கு முன்னால் போகிறவளின் முதுகு மட்டும் தெரியும். மூன்றாவதாக வந்தவள்தான் எல்லாவற்றையும் பார்த்தவள். நான் பார்த்ததைச் சொல்கிறேன், பொறுமை இருந்தால் கேளுங்கள்.

அப்போது எங்களுக்கு இருபதை ஒட்டிய வயது. ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டராக வந்தவர் விளையாட்டுப் பைத்தியம். வருடாந்திரப் போட்டியில் இனிமேல் பெண்களும் ஒரு மைல் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். நர்சுகள் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். கடைசியில் மேட்ரன் அம்மா சலவைப் பிரிவுக்கு வந்து, “நீங்கதான் தினம் அழுக்குத்துணி வண்டி தள்ளறீங்க, உங்க காலுக்கு வலு இருக்கும்” என்று கண்டுபிடித்துச் சொன்னார். எங்கள் மூன்று பேரின் தலையில் கட்டினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த மைதானம் ஒரு சுற்றுக்குச் சரியாக நானூற்று நாற்பது கஜம். நான்கு சுற்று ஓடினால் ஒரு மைல். எங்கே புறப்படுகிறோமோ அங்கேயே வந்து முடிக்கலாம், மிச்சம் மீதி எதுவும் கிடையாது. மீட்டர் என்ற சங்கதி அப்போது எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்று பேரில் உயரமானவள் விரிப்பு மடிக்கும் மேசையில் இருந்தவள். அவளுக்கும் பின்னால் ஒரு பட்டப்பெயர் வந்தது. அது வரும்போது சொல்கிறேன். அவள் முதல் அடியிலிருந்தே முன்னால் போனாள். மைல் அவள் நிழலை மிதிப்பது போல ஒட்டிக்கொண்டே ஓடினாள். நான் என் வேகத்தில் ஓடினேன். அவர்கள் கடைசிச் சுற்றின் கடைசி நேர்ப்பாதைக்கு வந்தபோது நான் மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்தேன். அதனால் நடந்தது முழுக்கப் பக்கவாட்டில், மறைப்பில்லாமல் எனக்குத் தெரிந்தது.

முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பாதையின் ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. உயரமானவள் அந்தக் குழாயைத் தாண்டும்போது இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டாள். ஜெயித்தாகிவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். கூட்டமும் அப்படித்தான் நினைத்துக் கத்தியது. கை மேலே போனதும் கால் கொஞ்சம் தளர்ந்தது. அவ்வளவுதான், மைல் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் புகுந்து அவளைத் தாண்டிப் போய்க் கோட்டில் விழுந்தாள். ஒரு முழம் வித்தியாசம் இருக்கலாம்.

முடிவுக்கோட்டில் கயிறு என்று எதுவும் இல்லை. காயத்துக்குக் கட்டுகிற துணியைத்தான் நீளமாகப் பிடித்திருந்தார்கள். ஒரு முனையில் கம்பவுண்டர், மறுமுனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பையன். அவன் உயரமானவளின் சொந்தத் தம்பி. இரண்டு பெண்கள் இப்படிப் பாய்ந்து வருவதைப் பார்த்துப் பயந்துபோய்த் துணியைக் கீழே போட்டுவிட்டான். நேரம் பார்க்க வேண்டியவர் தலைமை நர்ஸ். நாடி பார்க்கிற கடிகாரம் அவர் சட்டையில் தொங்கியது. அவர் குதித்துக் குதித்துக் கத்தியதில் அதைப் பார்க்கவே மறந்துவிட்டார். ஆக, நேரம் என்று எதுவும் பதிவாகவில்லை.

நான் நிதானமாக வந்து முடித்தேன். முடித்த கையோடு பெரிய டாக்டரின் பளபளப்பான ஷூவின் மேல் வாந்தி எடுத்தேன். நீண்ட தூரம் பெண்களின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவர் அங்கேயே தீர்மானித்துவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து பெண்களுக்கு நாற்காலியைச் சுற்றி ஓடுகிற போட்டிதான். எங்கள் ஆஸ்பத்திரியில் மகளிர் மைல் நடந்தது அந்த ஒரே தடவை.

விளையாட்டு அறையில் ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் எதிரே அதில் சாதனை படைத்தவரின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும். அதில் ‘மகளிர் மைல்’ என்று எழுதி அவள் முழுப்பெயரையும், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு எழுதினார்கள். நேரம் இல்லாத சாதனையை இனி யார் முறியடிப்பது? ஓட்டமே இல்லை என்னும்போது முறியடிக்க ஆள்தான் எங்கிருந்து வரும்? மூன்றாவதாக வந்தவளுக்குப் பலகையில் இடம் கிடையாது. அதை நான் அப்போதே விசாரித்துவிட்டேன்.

துணியைக் கீழே போட்ட ஆம்புலன்ஸ் பையன் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினான். அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு துரத்தினாள். மைல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகென்ன, வருடம் திரும்புவதற்குள் கல்யாணம். அதுவரை ஒருவரை ஒருவர் ‘வாடி போடி’ என்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரில், ஒருத்தி மற்றவளைக் கணவரின் அக்கா என்ற முறையில் ‘அண்ணி, நீங்க’ என்று கூப்பிட வேண்டியதாயிற்று. பந்தயத்தில் தோற்றவள் முறையில் ஜெயித்துவிட்டாள்.

அப்புறம்தான் மீட்டர் வந்தது.

வந்த புதிதில் அது பண்ணிய அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் ஸ்டோர் கிளார்க், படுக்கை விரிப்புக்கான ஆர்டரில் ‘இரண்டரை கஜம்’ என்பதில் கஜத்தை அடித்து மீட்டர் என்று எழுதினார். இரண்டரையை அப்படியே விட்டுவிட்டார். வந்து இறங்கிய விரிப்புகள் எல்லாம் ஒரு சாண் நீளம் கூடுதல். கட்டிலில் விரித்தால் தரையைக் கூட்டும். இன்றைக்கும் அதே அளவில்தான் வருகின்றன. ஒருமுறை எழுதியதை மாற்ற எவருக்கும் மனசு வரவில்லை. மைலின் கணவர் கதை இன்னும் மோசம். பழைய ஆம்புலன்சில் முள்ளை நாற்பதில் வைத்து ஓட்டிப் பழகியவர். அது மைல் கணக்கு. புது வண்டியில் கிலோமீட்டர் கணக்கு. அவர் பாட்டுக்கு அதிலும் முள்ளை நாற்பதிலேயே வைத்து ஓட்டினார். சைக்கிள்காரர்கள் ஆம்புலன்சுக்கு மணியடித்து வழி கேட்டார்கள். பிரசவத்துக்குக் கூட்டிவந்த ஒரு பெண், “நான் இறங்கி நடக்கறேன்” என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

மைதானத்தையும் விடவில்லை. நானூறு மீட்டராக மாற்ற வேண்டும் என்று ஒரு இன்ஜினியர் டேப்போடு வந்தார். பழைய முடிவுக்கோட்டிலிருந்து பின்னோக்கி அளந்து, ஓரிடத்தில் முளைக்குச்சியை அடித்து, “மைல் ஓட்டத்துல ஆயிரத்து அறுநூறு மீட்டர் இங்கயே முடிஞ்சுடுது. மிச்சம் ஒன்பது மீட்டர் சொச்சம்” என்று தன் உதவியாளிடம் சொன்னார். குச்சி நின்றது குழாயை ஒட்டி. அந்த நேரம் பார்த்து அழுக்குத்துணி வண்டியோடு அந்தப் பக்கமாகப் போன உயரமானவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியே கேட்கக் கூவினாள்:

“இங்க நான்தான் முன்னாடி! ஆயிரத்து அறுநூறுல நான்தான் முன்னாடி!”

அன்றைக்கு அவளுக்குப் பெயர் வைத்தோம், ஆயிரத்தறுநூறு. கூப்பிடுவதற்குள் ஆள் தாண்டிப் போய்விடுகிறாள் என்று பிற்பாடு அறுநூறு ஆக்கினோம். ஆயிரம் வீணாய்ப் போயிற்று.

விரிப்பு மடிப்பது தனியாளால் ஆகிற வேலை இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நீளவாக்கில் மடித்து, அப்புறம் ஒருத்தி நின்ற இடத்திலேயே நிற்க மற்றவள் தன் முனைகளைக் கொண்டுவந்து அவள் கையில் சேர்க்க வேண்டும். மைலையும் அறுநூறையும் மேட்ரன் அம்மா ஒரே மேசையில் போட்டுவிட்டார், உறவுக்காரர்கள் ஆயிற்றே என்று. இவர்கள் ஒரு புது முறை கண்டுபிடித்தார்கள். இரண்டு பேருமே நடந்து சரியாகப் பாதி வழியில் சந்திப்பார்கள். ஒருத்திக்காக மற்றவள் ஓர் அடி கூடுதலாக எடுத்துவைக்க மாட்டாள். பக்கத்தில் சூடான உருளையில் விரிப்புகளை விட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பது நான். தினமும் முதல் விரிப்பை எடுத்ததும் இந்தப் பேச்சு என் காதில் விழும்.

“ஆயிரத்தறுநூறுல யாரு முன்னாடி?”

“நீங்கதான் அண்ணி.”

“அப்ப ஜெயிச்சது யாரு?”

“நான்தான் அண்ணி.”

“அதெப்படி?”

“பந்தயம் மைலு அண்ணி.”

குரலில் சூடு இருக்காது, முகத்தில் சிரிப்பும் இருக்காது. அவ்வளவும் முடிந்த பிறகு அறுநூறு ஒரு உதறு உதறுவாள் பாருங்கள், விரிப்பு கிழியாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வருடங்கள் போயின. மைலுக்குப் பையன் பிறந்தான், அறுநூறுக்கு இரண்டு பெண்கள். நல்லது கெட்டதுக்கெல்லாம் ஒருவர் வீட்டில் மற்றவர் போய் நின்றார்கள், வேலை செய்தார்கள், சாப்பிட்டார்கள். மறுநாள் காலை முதல் விரிப்புக்கு மறுபடி அதே கேள்வி.

ஒரு விஷயம் கவனியுங்கள். குழாயடியில் அறுநூறுதான் முன்னால் என்பதை மைல் ஒருநாளும் மறுத்ததில்லை.

மைலின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் எழுந்தாள், சமைத்தாள், வந்தாள், மடித்தாள், போனாள். வீட்டு வாடகை ரசீதில் கணவர் பெயர். மின்சார அட்டையில் செத்துப்போன மாமனார் பெயர். பையனின் பள்ளிக்கூடத்தில் ‘இன்னாரின் அம்மா’. எங்கள் வேலை அட்டையில்கூட எண்தான், பெயர் கிடையாது. அவள் பெயர் முழுசாக, நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதியிருந்த ஒரே இடம் அந்தக் கறுப்புப் பலகை.

மனசு சரியில்லை என்றால் அவள் அங்கே போவாள். சும்மா போனால் கேள்வி கேட்பார்கள் என்று விளையாட்டு அறையின் திரைச்சீலையைத் துவைக்க எடுத்துவருகிற சாக்கில் போவாள். மாமியார் ஏதாவது சொல்லிவிட்டால் திரைச்சீலை துவைக்கப்படும். பையன் பரீட்சையில் கோட்டை விட்டால் திரைச்சீலை துவைக்கப்படும். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அதிகம் துவைபட்ட துணி ஆபரேஷன் அறைத் துணி என்று நினைப்பீர்கள், கிடையாது. நீலமாக வந்த அந்தத் திரைச்சீலை என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் கேட்டதில்லை. ஒருநாள் அவளாகவே சொன்னாள்: “அங்க போயி என் பேர ஒரு தடவ படிச்சா, சரி, இந்த ஆளு ஒண்ணு செஞ்சிருக்கான்னு தோணும்டி.”

நாங்கள் மூன்று பேரும் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி என்கிற சமயத்தில், விளையாட்டு அறையை இடித்து ஸ்கேன் பிரிவு கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பழைய பலகைக்குப் பதிலாகப் புதுக் கூடத்தின் சுவரில் கல்வெட்டு வைப்பார்களாம். பொறுப்பு, விளையாட்டுக் குழுச் செயலாளரிடம். அவர் கணக்குப் பிரிவு அதிகாரி. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் புள்ளி சார். “பத்து புள்ளி அஞ்சுக்கு வாங்க” என்பார். பத்து ஐந்துக்குப் போனாலும் திட்டு, பத்து ஐம்பதுக்குப் போனாலும் திட்டு. பத்தரை என்று அவர் வாயில் வரவே வராது. மற்றபடி நல்ல மனுஷன்.

புள்ளி சார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கல்லில் வெட்டினால் வெட்டினதுதான், அதனால் எல்லாம் மீட்டரில்தான் இருக்கும், கஜமும் மைலும் கிடையாது. ஆண்களுக்கு இதனால் நஷ்டமில்லை; அவர்கள் வருடாவருடம் மீட்டரில் ஓடிப் புதுச் சாதனை வைத்திருந்தார்கள். வாரிசு இல்லாமல் நின்றது மகளிர் மைல் ஒன்றுதான். மைலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளை இழுத்துக்கொண்டு நான்தான் அவர் அறைக்குப் போனேன்.

“சார், பழைய பலகையில இவ பேரு இருக்கு.”

“இருக்கும்மா. ஆனா மைல்னா ஆயிரத்து அறுநூத்தி ஒன்பது புள்ளி மூணு நாலு நாலு. இந்தப் புள்ளிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நாலு சுத்துன்னா ஆயிரத்து அறுநூறு. அழகா இருக்கு.”

மைல் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். புள்ளி சார் அவளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“ஒண்ணு செய்யலாம். மைல் ஓடினவங்க வழியில ஆயிரத்து அறுநூறையும் தாண்டித்தானே போயிருக்கணும்? மகளிர் ஆயிரத்து அறுநூறு மீட்டர்னு போட்டு உங்க பேரையே எழுதிடறேன். ஒரு வாரம் நோட்டீஸ் ஒட்டறேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா வரட்டும்.”

வெளியே வந்ததும் மைல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆட்சேபணைக்கு ஆள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நோட்டீஸின் பசை காய்வதற்கு முன்னால் அறுநூறு போய் நின்றுவிட்டாள். “சார், ஆயிரத்து அறுநூறுன்னா அது நான்தான். ஊருக்கே தெரியும்.” புள்ளி சார் மூன்று பேரையும் விசாரணைக்கு வரச் சொன்னார். மூன்றாவதாக வந்தவள் சாட்சியாம். என் மூன்றாம் இடத்துக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரு மரியாதை கிடைத்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மைலை உருளைக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

“நீ வாயே திறக்காத. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். குழாயப் பிடுங்கி எறிஞ்சே எத்தனையோ வருஷமாச்சு. குழாய்கிட்டயே நீ அவள தாண்டிட்டேன்னு அடிச்சுச் சொல்லிடறேன். எதிர்ப்பக்கத்துல இருந்து பாத்தவ நான் ஒருத்திதான்.”

“பொய் சொல்லுவியா?”

“சொல்லுவேன். அதுக்கென்ன இப்ப? மூணாவதா வந்து நான் என்னத்தக் கண்டேன்?”

அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

“குழாய்கிட்ட நான் முன்னாடி இருந்தேன்னா, குழாய்க்கு அப்புறம் நான் செஞ்சது என்னடி?”

நான் உருளையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தேன்.

“மனசுக்குள்ள எத்தனையோ தடவ அத திரும்ப ஓடிப் பாத்திருக்கேன். ஒரு தடவகூட குழாய்கிட்ட நான் முன்னாடி இல்ல. அவங்க கையத் தூக்கறாங்க. எனக்கு நெஞ்சு வெடிக்குது. சரி, போதும், நின்னுடலாம்னு தோணுது. நிக்கல. எல்லாத்துலயும் பாதியில நின்னவடி நான். படிப்புல நின்னேன், தையல் கத்துக்கப் போயி நின்னேன். அங்க மட்டும்தான் நிக்கல. பேருக்காக அத இல்லன்னு சொல்லணுமா?”

“அப்ப பேரு போயிடும்.”

“போயிடும்” என்றாள். பொய் சொல்கிறேன் என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புள்ளி சார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் ஓடிய வரிசையிலேயே நின்றோம், அது தானாக அமைந்தது.

“ஆயிரத்து அறுநூறு மீட்டர் முடியற இடத்துல யாரும்மா முன்னாடி இருந்தது?”

“அண்ணிதான் சார்” என்றாள் மைல்.

அவர் பேனா நின்றது. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன இருக்கு சார்? ரெண்டு கையும் தூக்கியிருந்தாங்க. எல்லாரும் பாத்தாங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. “நான் மூணாவது சார். மைல்ல பாத்தாலும் மூணாவது, மீட்டர்ல பாத்தாலும் மூணாவது. எந்த அளவுகோலக் கொண்டு வந்தாலும் என்னை ஒருத்தரும் அசைக்க முடியாது. அதையும் எழுதிக்கோங்க” என்றேன். அவர் நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

அறுநூறு கேட்டது கிடைத்துவிட்டது. கல்லில் அவள் பெயர். அத்தனை வருடம் எதற்காகக் கத்தினாளோ அது கையில் வந்து விழுந்தபோது, அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. காதில் விழாதவள் மாதிரி நின்றாள். மைல் அன்றைக்குச் சாயங்காலம் விளையாட்டு அறைக்குப் போய்த் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அறையை இடிக்கப்போகிறார்கள், திரைச்சீலையைத் துவைத்து யாருக்கு என்ன லாபம்? துவைத்தாள். காயப்போட்டாள். நான் தேய்த்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் முதல் விரிப்பை எடுத்தார்கள். அறுநூறு எதையும் கேட்கவில்லை. நானும் உருளையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், ஒன்றும் வரவில்லை. மடிப்பில் முனையும் முனையும் சேரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் நடு மடிப்பில் அறுநூறு நின்றுவிட்டாள்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“நீங்கதான முன்னாடி இருந்தீங்க அண்ணி?”

“அது எனக்குத் தெரியும். நீ ஏன் சொன்ன?”

“கேட்டாரு. சொன்னேன்.”

அறுநூறு கையிலிருந்த விரிப்பைத் தரையில் விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். ஆஸ்பத்திரிச் சலவையில் துவைத்த விரிப்பைத் தரையில் போடுவது பெரிய குற்றம்; திரும்பத் துவைக்க வேண்டும். யார் துவைத்தது என்று கேட்கிறீர்களா? மூன்றாவது ஆள்தான். போனவள் நெடுநேரம் கழித்துத் திரும்பினாள். எங்கே போனாள், யாரைப் பார்த்தாள் என்று மூச்சு விடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மிச்ச விரிப்புகளை மடித்தாள்.

கல்வெட்டுத் திறப்பு விழாவுக்குக் கல்லை மூட எங்கள் விரிப்பு ஒன்றைத்தான் வாங்கிப்போனார்கள். ஒரு சாண் கூடுதல் இருந்ததால் தரையில் புரண்டது. பெரிய டாக்டர் (இவர் வேறு ஆள், ஷூ பற்றிய கதை தெரியாதவர்; நான் ஒரு எச்சரிக்கைக்காகத் தள்ளியே நின்றேன்) விரிப்பைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் கை தட்டினோம். மைல் வர மாட்டேன் என்றவளை அவள் கணவர் வற்புறுத்திக் கூட்டிவந்திருந்தார். கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

நான் கல்லைப் படித்தேன். ஆண்கள் நூறு மீட்டர், இருநூறு, நானூறு என்று வரிசையாகப் போயிற்று. கீழே மகளிர். ‘மகளிர் 1600 மீட்டர்’, எதிரே அறுநூறின் பெயர். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ‘மகளிர் 9.34 மீட்டர்’, எதிரே மைலின் பெயர். முழுப்பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு.

என் பக்கத்தில் நின்ற இளம் நர்ஸ் ஒருத்தி, “ஒம்பது மீட்டர் ஓட்டமா? எங்க வார்டு வராண்டாகூட இதவிட நீளமாச்சே!” என்றாள். புள்ளி சார் கம்பீரமாகத் திரும்பி, “ஒன்பது புள்ளி மூணு நாலு. இன்னொரு நாலு இருக்கு. புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இடம் போதும்னு நான்தான் விட்டுட்டேன்” என்று விளக்கினார். இப்படி ஒரு பந்தயம் உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. மைலின் கணவர் கல்லை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்துவிட்டு, “நான் துணியக் கீழ போட்டது இதுல இல்லையே?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியானார்.

மைல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தன் பெயரின் முதல் எழுத்தில் விரலை வைத்தாள், கல் சில்லென்று இருந்திருக்க வேண்டும், எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள்.

“இத யாரு எழுதச் சொன்னது?”

“நான்தான்” என்றாள் அறுநூறு. விறைப்பாக நின்றிருந்தாள், கண்கள் மட்டும் சிவந்திருந்தன. “ஆயிரத்து அறுநூறு என்னுது. மிச்சம் உன்னுது. அடுத்தவங்க சாமான் எனக்கு எதுக்கு?”

“அண்ணி...”

“என்ன அண்ணி? அந்த ஒம்பது மீட்டரும் உன் பின்னாடியே வந்தவடி நான். நீ எப்படி ஓடினேன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?”

அத்தனை பேர் முன்னால் மைல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அறுநூறு, “சீ, விடு, எல்லாரும் பாக்கறாங்க” என்று சொல்லிக்கொண்டே விடாமல் பிடித்திருந்தாள். மூன்றாவதாக வந்தவள்தான் எல்லாவற்றையும் பார்த்தவள் என்று ஆரம்பத்தில் பெருமையடித்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் கண்ணும் கலங்கித்தான் போயிற்று, சொல்வதற்கென்ன.

மறுநாள் திங்கள்கிழமை, விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. இரண்டு பேரும் முதல் விரிப்பை எடுத்து உதறி நீளவாக்கில் மடித்தார்கள். மைல் வழக்கம்போலப் பாதி வழிக்குக் காலை எடுத்துவைத்தாள்.

“அங்கயே நில்லு” என்றாள் அறுநூறு.

அவள் பாதியைத் தாண்டி வந்தாள். முழு நீளமும், அந்தக் கூடுதல் ஒரு சாணையும் சேர்த்து நடந்து வந்து, தன் இரண்டு முனைகளையும் மைலின் கையில் வைத்தாள்.

“இப்பவும் நீங்கதான் முதல்ல வந்தீங்க அண்ணி.”

“வாய மூடிட்டு மடி” என்றாள் அறுநூறு.

நான் அடுத்த விரிப்பை உருளைக்குள் விட்டேன்.